வாசல் பாத்தியில் அம்மா செடி

செடிக்கடையில் அவருக்கு 'நிக்காது சார்' என்று பெயர். யாராவது ஆசை ஆசையாக ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீடு எங்க இருக்கு?" என்பதுதான். பதில் வந்ததும், கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அங்க நிக்காதுங்க" என்பார். வந்தவர் முகம் தொங்கிப்போகும். செடி விற்கிற கடையில் செடியை வாங்காதே என்று சொல்வதற்கு ஓர் ஆளை வைத்திருக்கிறோமே என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்வாரே தவிர அவரை அனுப்பமாட்டார். அந்த மனுஷன் 'நிக்கும்' என்று சொல்லிவிட்டால் அந்தச் செடி பிழைத்து நின்றுவிடும் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்த வரைபடம் நாட்டை நிறம் நிறமாகக் கூறுபோட்டிருக்கும். ஒவ்வொரு நிறமும் ஒரு குளிர் மண்டலம். வருஷத்திலேயே கடுமையான குளிர் இரவில் ஓர் இடம் எந்த அளவுக்கு உறையும் என்பதை வைத்துப் பிரித்தது. ஆற்றங்கரையில் இருக்கிற அவருடைய ஊர் பச்சை. மலைப்பாதையில் ஏறி வளைவுகள் முடிகிற இடத்தில் இருக்கும் ஊர் நீலம். பச்சையில் வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிற செடி, நீலத்தில் ஒரே இரவில் வெந்த கீரையாகக் குழைந்துவிடும். வாங்க வருகிறவர்கள் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், பூவின் நிறத்தைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவார்கள். அந்த ஓர் இரவைப் பற்றி மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது சதைப்பற்றுச் செடிகளும் தரையில் படர்கிற செடிகளும் இருக்கிற பகுதி. அங்கே இந்தக் கவலை இன்னும் அதிகம். இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடிக்கு, அந்தத் தண்ணீர் உறைந்தால் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வீட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அனுமதி இல்லாமல் போன கதைதான் இது.

அவர் மனைவிக்கு ஒரே தங்கை. அவள்தான் அந்த நீல ஊரில் இருந்தாள். அவள் புருஷன், அதாவது இவருக்குச் சகலை, தரை ஓடு வியாபாரம் செய்பவர். அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் மூத்தவள் வீட்டில்தான் கிடந்தாள். சின்னவள் அப்போது மலையில் வீடு மாறிக்கொண்டிருந்தாள். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று தள்ளிப்போட்டாள். பிறகு பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் மூத்தவள், "கிடக்கறப்ப வராதவளுக்குப் போன பிறகு இங்க என்ன வேலை?" என்று கேட்டுவிட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? சின்னவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாள்.

அம்மா விட்டுப்போனதில் பேசும்படியாக இருந்தது ஒரு செடி மட்டும்தான். எச்செவேரியா என்று கடையில் சொல்வார்கள். வீட்டில் அதற்கு 'அம்மா செடி' என்றுதான் பெயர். சாம்பல் பூசிய பச்சை, இலை நுனியில் மட்டும் லேசான சிவப்பு, ரோஜாப்பூ மாதிரி அடுக்கு. எங்கிருந்தோ ஒற்றை இலையாக வந்தது, அம்மாவின் கையில் பெருகி, பால்கனிச் சுவர் முழுக்கத் தொட்டிகளாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சின்னவள் போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் ஒன்றும் இல்லை.

"அக்கா, வாசல்ல ஒரு பாத்தி வெறுமனே கிடக்கு. அம்மா செடியில கொஞ்சம் குடுப்பியா? வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதான் படணும்."

"உனக்கு இல்லாததா? வந்து எடுத்துக்கோ" என்றாள் அக்காக்காரி. போனை வைத்துவிட்டுச் சமையலறை மேடையை ஒருமுறை துடைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இங்க பாருங்க. இந்தச் செடி விஷயத்துல உங்க கடை வார்த்தை ஒண்ணு வெளிய வரக்கூடாது."

"இல்ல, அந்த ஊர்ல…"

"இதோ, ஆரம்பிச்சாச்சு. அங்க நிக்காதுன்னு நீங்க சொன்னா அவ என்ன நெனப்பா? குடுக்க மனசில்ல, அதான் புருஷனை விட்டுச் சொல்ல வைக்கறான்னு நெனப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா. தயவுசெஞ்சு நீங்க மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அந்த வாரத்தை ஓட்டினார்.

சின்னவள் புருஷனோடு வந்தாள். சகோதரிகள் இருவரும் விருந்தாளிகள் மாதிரிப் பேசிக்கொண்டார்கள். "நீ உக்காரு", "பரவாயில்ல, நீ உக்காரு" என்று இருவருமே நின்றார்கள். அக்காக்காரி அம்மா செடிகளை அடுக்கிய தட்டை எடுத்துக் கொடுக்கப் பால்கனிக்குத் தங்கையைக் கூட்டிப்போன நேரத்தில், கூடத்தில் சகலை இவரைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு சகலை அவ்வளவு கஷ்டம்? பாத்தி முழுக்க வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டிட்டா முடிஞ்சது. களையும் வராது, கவலையும் வராது."

"அதுக்குப் பேசாம குவாரியிலயே ஒரு வீடு வாங்கியிருக்கலாமே" என்றார் இவர்.

கடைசியில் பாத்தி முழுவதையும் இவரே வந்து போட்டுக் கொடுப்பது என்று முடிவானது. கொழுந்தியாள் கையில் இருந்த தட்டை இவரிடமே நீட்டினாள். "மலை வளைவுல ஆடி உடைஞ்சிரும் மாமா. மத்த செடியோட சேர்த்து நீங்களே பத்திரமா கொண்டு வாங்க." அதோடு தட்டு கடைக்கு வந்து சேர்ந்தது.

நடுவதற்கு முன்னால் ஒருநாள் மலைக்குப் போய் இடத்தைப் பார்த்தார். பார்த்தபிறகு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. வரைபடம் ஊருக்கு ஒரு நிறம்தான் கொடுக்கும். ஊருக்குள் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குணம் உண்டு. இந்த வீடு சரிவின் அடியில் இருந்தது. குளிர்ந்த காற்றும் தண்ணீர் மாதிரிதான், மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அது வெளியேற வழியில்லாமல் சகலை நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுற்றுச்சுவர் வேறு கட்டி, அதற்கு விலை உயர்ந்த ஓடும் ஒட்டியிருந்தார். ஆக, ஊரைவிடவும் இந்தப் பாத்தி குளிர் அதிகம். போதாக்குறைக்குக் கூரைத் தண்ணீர் விழுகிற மூலை எப்போதும் ஈரமாக இருந்தது. சதைப்பற்றுச் செடி வெறும் குளிரையாவது சமாளித்துப் பார்க்கும். குளிரும் ஈரமும் கைகோத்துக்கொண்டு வந்தால் எமன்தான்.

அதற்கு வேண்டியதையெல்லாம் செய்தார். பாத்தியை மேடாக்கி, மண்ணில் பாதிக்கும் மேலாகச் சரளையைக் கலந்தார். வெயில் விழும் முன்பக்கத்துக்குத் தரையோடு ஊர்ந்து படரும் தைம். மிதித்தாலும் கோபிக்காது, பனிக்கடியில் தூங்கி எழுந்து மறுபடி படரும். கல் ஓரங்களுக்குச் சின்னச் சதைப்பற்று இலைகள் கொண்ட சீடம். ஈர மூலைக்கு, நிழலும் நனைவும் பொறுக்கிற கருஞ்சிவப்பு இலை அஜுகா. சகலை போனில் ஒரு படத்தைக் காட்டி, பளபளவென்று பூத்துக் கிடந்த ஐஸ் பிளான்ட் வேண்டும் என்றார். "பேருல ஐஸ் இருக்குன்னு நம்பாதீங்க. இந்த ஈரத்துல நிக்காது" என்றார் இவர். சகலை தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். சகலையிடம் எவ்வளவு சுலபமாக வருகிற வார்த்தை!

மிச்சமிருந்தது அம்மா செடி. கடையின் கண்ணாடி அறையில் அந்தத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். தொட்டியிலேயே வளர்த்து, குளிர் வந்தால் வீட்டுக்குள் எடுத்துக்கொள் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பேச்சும் 'வெளியில் நிக்காது' என்றுதானே ஆரம்பிக்கும்? அவளோ வாசல், வாசல் என்று கண்ணில் வெளிச்சத்தோடு சொல்லியிருக்கிறாள். அக்கா தர மனமில்லாமல் ஏதோ நொண்டிச்சாக்கு சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால், ஒட்டிய கண்ணாடி மறுபடி விரிசல் விடும். சொல்லாமலேயே நட்டுவிட்டால் முதல் உறைபனியில் எல்லாம் அழுகும். அப்போதும் பழி அக்கா தலையில்தான். சொத்தையைப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள் என்பாள்.

எதிர் மேசையில் செம்பர்வைவம் வரிசை இருந்தது. எச்செவேரியாவுக்குப் பங்காளி முறை. அதே ரோஜா அடுக்கு, அதே சாம்பல் பச்சை, தேடினால் நுனிச் சிவப்பும் கிடைக்கும். ஒரே வித்தியாசம், இது பனிமலையில் பிறந்தது. உறைந்து கல்லாகிக் கிடந்தாலும் வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி விழித்துக்கொள்ளும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஜாடை அச்சாக ஒத்துப்போகிற செடிகளைத் தேர்ந்தெடுத்து அம்மா செடிகளின் இடத்தில் வைத்தார். அம்மா செடிகளைக் கண்ணாடி அறையின் கடைசி மேசைக்கு மாற்றி, 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு அட்டையைச் செருகினார்.

அந்த வேலையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. செடியும் பிழைத்தது, உறவும் பிழைத்தது என்று விசில் அடித்துக்கொண்டேதான் மலை ஏறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அந்த நேரத்தில் சோறு நிறைய இருப்பதாகத்தான் தோன்றும்.

குளிர்காலம் வந்தது, பனி விழுந்தது. பனி உருகிய அன்று கொழுந்தியாள் படம் எடுத்து அனுப்பினாள். ரோஜாக்கள் சிவந்து, இறுகி, உயிரோடு இருந்தன. "அக்கா, அம்மா செடி பனியையே ஜெயிச்சிருச்சு பாத்தியா!" அக்காக்காரி அந்தப் படத்தைத் தெருமுனை மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் காட்டினாள். நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறதே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். "குளிர்ல சிவக்கும்" என்றார். பொய் இல்லை. அதன்பிறகு சகோதரிகள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினார்கள். பேச்சு செடியைத் தாண்டவில்லை, ஆனாலும் பேச்சு. சேர்ந்து அழ வேண்டிய விஷயம் ஒன்று நடுவில் கிடந்தது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டே போய்வந்தார்கள்.

கோடையில் அடுத்த படம் வந்தது. நடுவிலிருந்த பெரிய ரோஜா நீண்டு, தடித்த தண்டாக எழும்பி, உச்சியில் கொத்தாக இளஞ்சிவப்புப் பூ. "அம்மா செடி பூத்திருக்கு!" என்று எழுதியிருந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். அவர் மட்டும் படத்தைப் பெரிதாக்கி அந்தத் தண்டையே பார்த்தார்.

செம்பர்வைவம் ஒருமுறைதான் பூக்கும். பூத்த ரோஜா செத்துப்போகும். சுற்றிலும் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும் என்றாலும், போவது போவதுதான். புத்தகத்தில் அவர் எப்போதோ படித்ததுதான் இது. ஆனால் கடையில் எந்தச் செடியும் பூத்துச் சாகும்வரை இருப்பதில்லை; அதற்கு முன்னால் யாராவது வாங்கிப்போய்விடுவார்கள். குளிரைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், ஜாடையைப் பார்த்தார். செடியின் சாவை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. அதனால் செடியை மாற்றி வைத்தபோது அது நினைவுக்கும் வரவில்லை.

பூத்த ரோஜா கருகிவிட்டது என்று கொழுந்தியாள் அழுதுகொண்டே போன் செய்தாள். கணவனும் மனைவியும் அன்றே வண்டியை எடுத்தார்கள். வழி நெடுக அக்காக்காரி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

சின்னவள் வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பெரிய ரோஜா கருகித் தண்டோடு சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக் குட்டிகள் பச்சையாகத்தான் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. சகலை கையில் தண்ணீர்க் குழாயோடு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"தண்ணி அதிகமா விட்டுட்டேனா மாமா?" என்றாள். "தெனமும் பாத்துப் பாத்துத்தான் விட்டேன். அம்மாவைத்தான் பாத்துக்கல. இதையாவது ஒழுங்கா பாத்துக்கிட்டேனா? என் கைக்கு எதுவும் தங்காது."

அக்காக்காரி தங்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். காய்ந்த தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. பக்கத்துக் குட்டி ஒன்றின் இலை ஓரத்தை விரலால் தடவினாள். அம்மா செடியில் இல்லாத மெல்லிய மயிர் அங்கே வரிசையாக இருந்தது. இன்னொரு குட்டியைத் தடவினாள். "பூத்ததுக்கு எதுக்குச் சாகணும்?" என்றாள், யாரிடமும் என்றில்லாமல். "அம்மா இருக்கறப்ப வருஷா வருஷம் பூத்துச்சு. நம்ம பால்கனியில இப்பவும் பூக்குது. எதுவும் சாகலையே."

அவருக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால், அம்மாவின் செடியைத் தானே கொன்றதாகச் சின்னவள் காலம் முழுக்கச் சுமப்பாள். வாயைத் திறந்தால், அக்காதான் ஏமாற்றினாள் என்று நினைப்பாள். அவர் கொழுந்தியாளின் முகத்தைப் பார்த்தார். முதல் வழியைத் தன்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

"நீ எதையும் கொல்லலம்மா. இது உங்க அம்மா செடியே இல்ல. நான் மாத்தி வெச்சேன். அது இந்தக் குளிர்ல நிக்காது."

"கடைச் செடியா?" என்றார் சகலை. "அப்ப கேரண்டியில மாத்திக் குடுப்பீங்கல்ல?" சின்னவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் குழாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

"அம்மா செடி எங்க மாமா?"

"கடையில இருக்கு. பத்திரமா இருக்கு. எல்லாமே உயிரோட இருக்கு."

"குளிருக்கு ஆகாது, ஜன்னலோரமா உள்ள வெச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பேனே. எனக்கு என்ன, வாசல்லதான் வேணும்னு வேண்டுதலா? அது என் வீட்டுல இருந்தாப் போதும்னுதானே கேட்டேன்."

 இவ்வளவு எளிய விடையைக் கடைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் அவர் தினமும் சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. "உங்க அக்காவுக்கு இது தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாக ஒலிக்கிறது என்பதும் தெரிந்தது. எந்தப் புருஷனும் இதைத்தானே சொல்வான்?

 அக்காக்காரியின் கையில் காய்ந்த தண்டு அப்படியே இருந்தது.

"அவளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "அன்னிக்கு பால்கனியில தட்டை என் கையில குடுக்கறப்ப அவ கை அப்படி நடுங்குச்சு. கடைச் செடியைக் குடுக்க யாருக்காவது கை நடுங்குமா மாமா? அம்மா செடியைப் பிரியறது கஷ்டமா இருக்கு போலன்னு நெனச்சேன். கஷ்டத்தோட குடுக்கறாளேன்னு அன்னிக்குத்தான் என் கோவமே போச்சு."

அப்போதுதான் அக்காக்காரி உடைந்தாள். சத்தம் போட்டெல்லாம் அழவில்லை. தண்டைக் கீழே வைத்துவிட்டு, மண் ஒட்டிய கையை மடியில் துடைத்தாள்.

"பிரியற கஷ்டம் இல்லடி. நான் பேசினது தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன். சின்னவ வருவா, இதுல பாதியை அவகிட்ட குடுத்துடுன்னு அம்மா சொல்லிட்டுத்தான் போனா. கடைசியா பேசினதே அதுதான். ராத்திரி பகலா பாத்துக்கிட்டது நானு, கடைசிப் பேச்சு உன்னைப் பத்தியான்னு எனக்கு ஆத்திரம். உன்கிட்ட சொல்லவே இல்ல. நீயா வாயைத் திறந்து கேக்கறவரைக்கும் உனக்குச் சேர வேண்டியதை நானே வெச்சுக்கிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி போயிற்று. சின்னவள் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்கப்போகிறாளோ, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறாளோ என்று அவர் பயந்தார். இந்த வாசலில் எது தாங்கும், எது தாங்காது என்று அவரால் இனி எதையும் சொல்ல முடியாது.

"என்னைக் கேட்டாளா?" என்றாள் சின்னவள். "வரலைன்னு திட்டலையா?"

"திட்டல. பாதை அடைச்சிருக்கும், பாவம், எப்படி வருவான்னு சொன்னா."

சின்னவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்காக்காரி அவள் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை தட்டிவிடப்படவில்லை. அவர் மெதுவாக விலகி, வண்டிச் சாவியைத் தேடி எடுத்து, வாசல் கதவை நோக்கி நடந்தார்.

"எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "கடையில இருக்கறது, வீட்டுல இருக்கறது, அத்தனையும். ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்."

"பாதி போதும் மாமா" என்றாள் சின்னவள், முகத்தை நிமிர்த்தாமலே. "அம்மா பாதிதான் சொல்லியிருக்கா."